தோற்கிற அணிக்கு ரிக்கெற் விற்ற காலம்

சென்ற கிழமை என் கணவருக்குக் குளிர்கோட்டு வாங்கிய கதையை எழுதியிருந்தேன். அந்தக் கோட்டு முதன்முதலாகப் பொதுமக்கள் முன் தோன்றியது ஒரு விளையாட்டு மைதானத்தில். தோன்றிய அன்றே அதைப் போட்டிருந்தவரைப் பார்த்து ஊர் முழுக்கக் கேட்கக் கூச்சல் போட்டார்கள்.

எழுபதுகளின் பிற்பாதி. சித்திரை பிறக்க இன்னும் சில நாட்கள் இருந்தன. ரொறொன்ரோ ஏரிக்கரையில் இருந்த அந்த மைதானத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நகரத்துக்கென்று பெரிய பேஸ்போல் அணி ஒன்று வந்து ஆடுகிற முதலாவது நாள். சனங்கள் கம்பளிப் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் ஹொக்கி அரங்கில் ஓடுகிற வண்டி ஒன்றைக் கொண்டுவந்து மைதானத்தின் பனியை வழித்துக்கொண்டிருந்தார்கள். சோற்றுப் பானைக்குள் தும்புத்தடியை விட்டுக் கூட்டியதுபோல் எனக்கு இருந்தது.

என் கணவர் சிவகுரு, பக்கத்தில் இருந்தவர், குடையை விரித்தார்.

பின்வரிசையில் இருந்து கூச்சல் கிளம்பியது.

"இஞ்சேருங்கோ, குடையை மடக்குங்கோ. பின்னாலை இருக்கிறவைக்கு மறைக்குது" என்றேன் நான்.

"மறைக்கட்டும். பாக்கிறதுக்கு உங்கை என்ன கிடக்கு? பனிக்குள்ளை பந்தடிக்கிற விசரர்."

இவரை அங்கே கூட்டிப்போனது நான்தான். இலவச ரிக்கெற் இரண்டு கிடைத்திருந்தது. ஏனென்றால் அந்த அணியின் ரிக்கெற் கந்தோரில் ரெலிபோன் எடுக்கிற பெண்களில் நானும் ஒருத்தி.

பேஸ்மென்ற் ஆசனங்கள்

அந்த வேலை கிடைத்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. நேர்முகத்தில் மேலாளர் டோரதி கேட்டது ஒரே கேள்வி. "பேஸ்போல் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"நல்லது. இந்த நகரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. உன் குரல் தெளிவாக இருக்கிறது. திங்கட்கிழமை வா."

சிவயோகம் என்ற என் பெயர் டோரதியின் வாயில் நுழையவில்லை. 'யோகா' என்று வெட்டிவிட்டாள். போனை எடுத்து, "வணக்கம், யோகா பேசுகிறேன்" என்று நான் சொன்னதும் பலர் வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். முதுகு நோவுக்கு நல்லதா என்று ஒரு அம்மா விசாரித்தா. திறந்தவெளியில் இரண்டு மூன்று மணித்தியாலம் நிமிர்ந்து இருந்தால் எந்த முதுகுக்கும் நல்லதுதான் என்று சொல்லி, ஒரு மத்தியான ஆட்டத்துக்கு இரண்டு ரிக்கெற் விற்றேன்.

பெரிய சிக்கல் வேறு. கூப்பிடுகிறவர்கள் எல்லாரும், "முதலாம் பேஸ் பக்கம் தா", "மூன்றாம் பேஸ் பக்கம் தா" என்றார்கள்.

டோர்செட் பார்க் அடுக்குமாடிக்கு வருமுன் நாங்கள் ஒரு வீட்டின் பேஸ்மென்றில்தான், நிலத்துக்குக் கீழே இருக்கிற அறையில், குடியிருந்தோம். இந்த ஊரில் பேஸ் என்று ஆரம்பிக்கிற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான். ஆகவே மைதானத்துக்கு அடியில் மூன்று பேஸ்மென்ற் இருக்கிறதாக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் வயதான ஒருவர் மூன்றாம் பேஸ் கேட்டார். குரலில் தளர்ச்சி தெரிந்தது. எனக்குப் பாவமாகப் போயிற்று.

"ஐயா, மூன்றாவது மிகவும் கீழே. படிகள் அதிகமாக இருக்கும். முழங்கால் நோ இருந்தால் முதலாவதை எடுங்கள். ஆனால் ஒன்று, மூன்றாவதில் நல்ல கணகணப்பாக இருக்கும்" என்றேன்.

மறுமுனையில் அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு, "இன்னொரு தடவை சொல்லம்மா, என் மனைவியும் கேட்கட்டும்" என்றார்.

அவர்கள் இருவரும் சிரித்த சத்தம் டோரதியின் மேசை வரை கேட்டிருக்க வேண்டும். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் என்னைக் கையில் பிடித்து மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். நான்கு மூலைகளைக் காட்டினாள். மூன்று மூலைகளில் தலையணைபோல வெள்ளையாக ஏதோ வைப்பார்களாம். அதுதான் பேஸ். நான்காவது மூலைக்கு 'ஹோம் பிளேற்' என்று பெயராம். அதில் என்ன சாப்பாடு வைப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாடம் போதும்.

ஒரு கணக்காளரின் தீர்ப்பு

கொழும்பில் என் கணவர் ஒரு பெரிய கொம்பனியின் கணக்குப் பகுதிக்குத் தலைவர். ரொறொன்ரோவில் தினமும் காலையில் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வேலை தேடிப் போவார். "கனடிய அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். வேலை தந்தால்தானே அனுபவம் வரும் என்று இவர் சொல்வார். அதோடு நேர்முகம் முடிந்துவிடும். பின்னேரம் வீட்டுக்கு வந்து ரையைக் கழற்றி, முடிச்சை அவிழ்க்காமல் ஆணியில் கொழுவுவார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எனக்குச் சம்பளம் வந்தது. இவருக்கு அபிப்பிராயம் வந்தது.

ரெக்ஸ்டேலில் இராசநாயகம் அண்ணை என்ற எஞ்சினியர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு முன்னரே வந்தவர். நகரத்தில் தமிழர்கள் ஒரு வீட்டு வரவேற்பறைக்குள் அடங்கிய காலம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் கூடுவோம். அங்கே வடையைக் கையில் வைத்துக்கொண்டு இவர் தீர்ப்பு வழங்கினார்.

"எழுதி வையுங்கோ அண்ணை. உந்த பேஸ்போல் கொம்பனியை ஐப்பசிக்குள்ளை இழுத்து மூடுவினம்."

"ஏன் அப்பிடிச் சொல்லுறீர்?"

"பாருங்கோ. இது ஹொக்கி ஊர். இதுக்குள்ளை கொண்டுவந்து பேஸ்போல் விக்கினம். ஆடுறவை ஆர்? மற்ற அணியள் வேண்டாம் எண்டு கழிச்சு விட்ட ஆக்கள். மைதானத்திலை பியர் விக்க அரசாங்கம் விடாது. குடிக்கவும் ஏலாது, வெல்லவும் மாட்டாங்கள், குளிரும். உப்பிடி ஒரு சாமானை ஆர் காசு குடுத்து வாங்குவான்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். கணக்காளர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இராசநாயகம் அண்ணைதான் கேட்டார். "அது சரி சிவகுரு. கொம்பனியை மூடினா யோகத்தின்ரை வேலை?"

இவர் வடையைக் கடித்தார். வாடகை என் சம்பளத்தில்தான் போகிறது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

பிடி

இனி அந்தப் பனி நாளுக்கு வருகிறேன்.

பக்கத்து ஆசனத்தில் ஃபிராங்க் என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். ஏதோ தொழிற்சாலையில் வேலை. கம்பளித் தொப்பி, சிவந்த கன்னம், கையில் ஆவி பறக்கிற கோப்பி. இவரோடு சிநேகமாகப் பேச்சுக் கொடுத்தார். இவர் கேட்ட முதல் கேள்வி, இந்த ஆட்டம் எப்போது ட்றோ ஆகும் என்பது.

"ட்றோ இல்லை. யாராவது வெல்லும்வரை ஆடுவார்கள்" என்றார் ஃபிராங்க்.

"ஐந்து நாளும் ஆடியபிறகுமா?"

ஃபிராங்க் இவரைக் கவலையோடு பார்த்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கல்லூரிக் கிரிக்கெற் அணியில் இவர் மட்டைக்காரனுக்குப் பின்னால், சிலிப்பில் நின்றவர். துடுப்பாட்டத்தில் இவருடைய சாதனைகளைப் பற்றிக் கல்லூரி மலரில் எதுவும் இல்லை. ஆனால் பிடி என்றால் பிடிதான். கலியாணம் பேசி வந்தபோதுகூட என் மாமனார், பெடியன் கையிலை விழுந்தது தப்பாது என்று சொன்னதாக என் அப்பா அடிக்கடி சொல்வார். அது எனக்கான எச்சரிக்கையா, சிபாரிசா என்று இன்றுவரை தெரியாது.

ஆட்டம் நடுவழியில் இருந்தபோது மட்டையில் சரியாகப் படாத பந்து ஒன்று பக்கவாட்டில் எங்கள் பக்கம் உயர்ந்தது. பனிக்குள் பந்து தெரியவில்லை. எல்லாரும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். நானும் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது குடை என் மடியில் கிடந்தது. இவர் எழுந்து நின்றார். இரண்டு கைக்குள்ளும் பந்து.

வெறுங்கையால் பிடித்திருந்தார். சனம் குதித்தது. ஃபிராங்கின் கோப்பி ஃபிராங்கின்மேல் ஊற்றுண்டது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. இவருடைய முதுகில் அறைந்து அறைந்து கத்தினார்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? பழக்கதோஷம். கையைப் பின்னுக்கு இழுத்து, தடுப்புக்கு மேலால் பந்தை மைதானத்துக்குள் வீசினார். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்த முகமூடிக்காரனின் காலடியில் ஒரே துள்ளலில் போய் விழுந்தது. அழகான எறி.

முழுப் பகுதியும் "பூ...ஊ..." என்று ஏளனமாகக் கூவியது.

பாராட்டுகிறார்கள் என்று நினைத்த இவர் திரும்பிக் கையசைத்தார். கூச்சல் இரட்டிப்பானது.

"ஏன் எறிந்தாய்? அது உன் பந்து! பிடித்தால் உனக்கே சொந்தம்!" ஃபிராங்க் தலையில் கை வைத்தார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"சொந்தமா? காசு?"

"இலவசம்."

"ஒரு பந்து மட்டுமா?"

"ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனையோ போகும்."

இவர் மெல்ல உட்கார்ந்தார். முகம் பேயடித்ததுபோல் ஆகிவிட்டது.

"யோகம், கேட்டீரே? போட்ட முதலைத் தூக்கிச் சனத்துக்கு எறியிற கொம்பனி! நான் ஐப்பசி எண்டெல்லே சொன்னனான். பிழை. ஆவணி தாண்டாது."

அன்று எங்கள் அணி வென்றது. வீட்டில் இவருடைய உள்ளங்கை இரண்டும் பணியாரம்போல வீங்கியிருந்தன. நான் எண்ணெய் பூசிக்கொண்டு, "வெண்டிட்டினமே" என்றேன்.

"கடை திறந்த அண்டைக்கு ஆர்தான் நட்டப்பட்டவை? மெள்ள மெள்ள. நோகுது."

தொப்பி வாங்குகிறவர்கள்

அதன்பிறகு தோற்கத் தொடங்கினார்கள்.

சும்மா தோல்வி இல்லை. வைகாசியில் தோற்றார்கள், ஆனியில் தோற்றார்கள். நெருங்கி வந்து தோற்றார்கள், நெருங்காமலும் தோற்றார்கள். பட்டியலில் அடியில் போய்ச் சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் என் ரெலிபோன் ஓயவில்லை. சனிக்கிழமை இடமிருக்கா, பிள்ளைகளோடு வருகிறோம், மாமியார் வந்திருக்கிறா, நிழலில் ஆசனம் தா என்று நச்சரிப்பு. எந்த அணி வெல்லும் என்று யாரும் கேட்கவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நான் சொன்னதை இவர் நம்பவில்லை. "சும்மா குடுத்திருப்பினம். இல்லாட்டி நீர் பிழையாக் கேட்டிருப்பீர். நான் போய்ப் பாக்கிறன்" என்று கணக்காய்வுக்குக் கிளம்பினார். நேர்முகம் இல்லாத நாட்களில் மிக மலிவான வாங்கில் போய் இருப்பார். மைதானத்தின் கடைக்கோடி அது. ஏரியிலிருந்து வருகிற கடற்காகங்களுக்கும் அதுதான் இடம். இவருடைய புளிச்சாதப் பொட்டலத்தை ஒரு கடற்காகம் தூக்கிக்கொண்டு போயிற்று. கொஞ்ச தூரத்தில் கீழே போட்டுவிட்டதாம். அது காரத்துக்குப் பழகாத கனடியக் காகம்.

அங்கே ஃபிராங்கும் வந்திருந்தார். "பந்தை எறிந்த மனிதரே!" என்று எல்லாருக்கும் கேட்கக் கூப்பிட்டு, பக்கத்தில் இடம் ஒதுக்கினார்.

அன்று பின்னேரம் இவர் வீட்டுக்கு வந்து கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"யோகம், தொப்பி விக்கினம்."

"என்ன தொப்பி?"

"அணியின்ரை தொப்பி. தோக்கிறவன்ரை தொப்பியைக் காசு குடுத்து வாங்கித் தலையிலை போடுகினம்! வரிசையிலை நிண்டு வாங்குகினம்! நான் படிச்ச பொருளாதாரத்திலை உதுக்கு இடமில்லை."

"ஏனெண்டு ஃபிராங்கைக் கேக்கேல்லையே?"

"கேட்டன். தன்ரை மகள் பள்ளிக்கூட நாடகத்திலை மரமா நிண்டவளாம். வசனமே இல்லையாம். அதுக்கும் தான் முன்வரிசையிலை போய் இருந்ததாம். எங்கடை எண்டா எங்கடைதானாம்."

இவர் அதைப் பற்றி நெடுநேரம் யோசித்தார்.

ஆவணி வந்தது. கொம்பனி மூடவில்லை. இராசநாயகம் அண்ணை கிழமைக்கொரு தடவை போன் எடுத்து, "என்ன சிவகுரு, இன்னும் மூடேல்லையோ?" என்று கேட்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார்.

நான் கவனித்தது வேறு. குசினியில் வானொலியை வைத்து ஆட்டம் கேட்கிற இவர், "உவங்கள் தோக்கப் போறாங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் என்னைக் கண்டதும், "இண்டைக்கும் தோத்திட்டம்" என்றார். எப்போது உவங்கள் நாங்களானோம் என்று நான் கேட்கவில்லை. அன்று காலையிலும் ஒரு கந்தோரில் கனடிய அனுபவம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ரை ஆணியில் தொங்கியது.

டோரதியின் அறை

புரட்டாதி பிறந்தபோது கந்தோரில் ஒரு கதை அடிபட்டது. ஆட்டங்கள் முடியப்போகின்றன, ரெலிபோன் பெண்களில் பாதிப் பேரை நிறுத்தப்போகிறார்கள் என்று.

டோரதி என்னைக் கூப்பிட்டாள். நான் என் மேசை இழுப்பறையைக் காலிசெய்தேன். சுவெற்றர், சீப்பு, தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவளுடைய அறைக்குள் போனேன். கெஞ்சக்கூடாது என்று வழியில் தீர்மானித்திருந்தேன். போத்தல் சரியாக மூடவில்லை போலும். அறை முழுக்க ஊறுகாய் மணத்தது.

"எங்கே போகிறாய், பையோடு?" என்றாள் டோரதி.

"போகச் சொல்லத்தானே கூப்பிட்டாய்?"

அவள் சிரித்தாள். "யோகா, நம்மைவிட நன்றாக ஆடுகிற அணிகள் பலவற்றுக்கு நமக்கு வருகிற சனம் வருவதில்லை. முதலாளிமார் சந்தோஷமாக இருக்கிறார்கள். பனிக்காலத்திலேயே அடுத்த வருட ஆசனங்களை விற்கத் தொடங்குகிறோம். அதற்கு நிரந்தரமாக ஆள் வேண்டும். உனக்குத் தெரியுமா, அந்த பேஸ்மென்ற் ஆசனக்காரர் வருடம் முழுவதற்கும் இரண்டு இடம் கேட்கிறார். உன்னிடம்தான் வாங்குவாராம். போய் அந்தப் போத்தலை ஒழுங்காக மூடு."

கெஞ்சக்கூடாது என்று தீர்மானித்தவள், நன்றி சொல்லக்கூட மறந்து போத்தலை மூடத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் குசினியில் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லது" என்றார். "மெய்யாவே நல்லது யோகம்."

ஒரு கிழங்கைச் சீவி முடித்தார். அடுத்ததை எடுத்தார்.

"அப்ப கொம்பனி வெண்டிட்டுது. நீரும் வெண்டிட்டீர். இந்த வருசம் உண்மையாத் தோத்த ஆள் நான் ஒருத்தன்தான் போல."

பகிடியாகத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். இருவருமாகத் தேவைக்கு அதிகமான கிழங்கைச் சீவினோம்.

கடைசி ஆட்டம்

சொந்த மைதானத்தில் அந்த வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். குளிர் திரும்பியிருந்தது. கோட்டும் திரும்பியிருந்தது. ஃபிராங்க் எங்களுக்குக் கோப்பி வாங்கித் தந்தார்.

தோற்றார்கள். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் நான் பையை எடுத்தேன். ஆனால் யாரும் வெளியே போகவில்லை. ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கைதட்டத் தொடங்கினார்கள்.

"என்னத்துக்கு எழும்புகினம்?" என்றார் இவர். "முடிஞ்சுதுதானே? தோத்திட்டம்தானே?"

இவருக்கு அது புரிந்திருக்க நியாயமில்லை. இவருடைய கல்லூரி பெரிய ஆட்டம் ஒன்றில் தோற்ற வருடம், அணித்தலைவர் மைதானத்தின் பின்மதிலால் ஏறிக் குதித்து, கொடிகாமத்தில் பெரியம்மா வீட்டில் போய்க் கொஞ்சக் காலம் ஒளிந்திருந்தாராம். இவரும் மதிலேறியவர்களில் ஒருவர். காற்சட்டை கிழிந்ததாகக் கேள்வி.

ஆட்டக்காரர்கள் வெளியே வந்து தொப்பியைக் கழற்றி உயர்த்தினார்கள். மற்ற அணிகள் வேண்டாமென்று விட்டவர்கள். சனம் இன்னும் பலமாகத் தட்டியது. ஃபிராங்கின் பெரிய கைகள் இடிபோலச் சத்தம் போட்டன.

இவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். தட்டினார். கையுறையோடு தட்டியதால் சத்தம் வரவில்லை. இரண்டையும் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டுத் தட்டினார். ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள். சனம் கலைந்தது. ஃபிராங்க்கூட ஓய்ந்துவிட்டார். இவர் நிறுத்தவில்லை.

நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். பிறகு திரும்பிக் கடற்காகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தைத் துடைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் தேவையாக இருந்தது.

கெனடி வீதிக் கடை

அடுத்த கிழமை இவர் எனக்குச் சொல்லாமலே எங்கள் வீட்டுக்குக் கிட்ட, கெனடி வீதியில் இருந்த இரும்புச் சாமான் கடை ஒன்றுக்குள் போய் வேலை கேட்டிருக்கிறார். ஆணி, பெயின்ற், குழாய், சங்கிலி விற்கிற கடை. கணக்கு வேலை இல்லை. முன்னால் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. கடைக்காரக் கிழவர் கனடிய அனுபவம் கேட்கவில்லை. ஏணியில் ஏறத் தெரியுமா என்று மட்டும் கேட்டாராம்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தார். ரையைக் கழற்றினார். ரை கட்டிக்கொண்டுதான் போயிருந்தார். இந்தத் தடவை முடிச்சையும் அவிழ்த்தார்.

"எப்பிடி இருந்தது?"

"கேவலம்."

"ஏன், என்ன நடந்தது?"

"ஒருத்தன் வந்தான். நல்ல மரியாதையான ஆள் மாதிரித்தான் இருந்தான். என்ன வேணும் எண்டு கேட்டன். அரை அங்குலத்திலை ஒரு பெண் வேணுமாம்."

"என்ன?"

"அதைத்தான் நானும் கேட்டன். பெண் எண்டான் திரும்பவும். எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. ஐயா, இது குடும்பகாரர் வந்துபோற கடை, உந்தக் கதையை வேறை இடத்திலை வைச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

"பேந்து?"

"கடைக்காரர் பெயின்ற் வாளிக்கு மேலை குந்தியிருந்து சிரிக்கிறார், சிரிக்கிறார், எழும்பவே ஏலாமல் சிரிக்கிறார். குழாய் பொருத்துற துண்டுகளிலை ஆண், பெண் எண்டு ரெண்டு இருக்காம் யோகம். உள்ளுக்குப் போறது ஆணாம். வாங்கிக்கொள்ளுறது பெண்ணாம். ஆருக்குத் தெரியும்? கொழும்பிலை நான் குழாயே பாத்திருக்கேல்லை, குழாய்க்குக் காசு குடுத்த கணக்கைத்தான் பாத்தனான்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இவர் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு இவருக்கும் வந்துவிட்டது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "அப்ப நாளைக்குப் போகேல்லையோ?"

"ஏன் போகாமல்?" சேட்டுக் கையை மடித்துக்கொண்டு மேசையில் வந்து இருந்தார். "இண்டைக்குத் தோத்தம். அவ்வளவுதான். சோத்தைப் போடும். நாளைக்கும் மட்ச் இருக்கு."